அடுத்த தூண்டில் வளைவுக்குக் கையெழுத்திடுமுன்

தமிழகக் கடலோரப் பாதுகாப்புப் பணிகளைத் தீர்மானிக்கும் பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு, அதாவது அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு, வேண்டும் என்று மனு எழுதியவர்களில் நானும் ஒருவன். ஊர்க்கூட்டத்தில் வாசகம் எழுதியது, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியது, நடையாய் நடந்தது எல்லாவற்றிலும் இருந்தேன். தெற்கே பக்கத்து ஊரில் கல் போட்டிருந்தார்கள். அவர்கள் கரையில் மணல் ஏறிக்கொண்டிருந்தது, எங்கள் கரை கரைந்துகொண்டிருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது எங்களுக்கும் வேண்டும். அன்று எங்களுக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான். அங்கே சேர்ந்தது எங்களுக்கு வரவேண்டிய மணல் என்பது பிறகுதான் புரிந்தது.

எங்கள் கரையில் ஓர் உறைகிணறு இருக்கிறது. தென்னந்தோப்புக்கு நடுவே, மணல் மட்டத்தில் வாய் வைத்திருந்த கிணறு. இப்போது அது அலைக்கு நடுவே ஆளுயரத்துக்குத் தூண் மாதிரி நிற்கிறது. சுற்றியிருந்த மணல் போய்விட்டது, சிமெண்ட் உறைகள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக மிச்சம். ஓர் உறை விலகிய இடத்தில் நண்டு ஏறி இறங்குகிறது. கடல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நாங்கள் அளவு சொல்வதில்லை, கிணற்றைக் காட்டிவிடுகிறோம்.

உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலை வருடத்தின் பெரும்பகுதி மணலை வடக்கே தள்ளுகிறது, வாடைக்காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே எதைக் கட்டினாலும் தெற்கே மணல் தேங்கும், வடக்கே பட்டினி கிடக்கும். சென்னையிலேயே 1870களில் துறைமுகச் சுவர் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை தேய்ந்தது. மெரினாவில் காற்று வாங்கப் போகிறவர்கள் ஒருமுறை காசிமேடு தாண்டி வடக்கே கல் அடுக்கிய கரையோரம் போய் நின்று பார்க்கலாம்.

புதுச்சேரியிலும் இதே கதை. 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தன. நகரத்தின் மணற்கரை போனது, நகரைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள், அரிப்பு அப்படியே வடக்கே நகர்ந்து தமிழக எல்லைக்குள் இருக்கும் மீனவக் குப்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மணலுக்கு மாநில எல்லை தெரியாது. கோப்புகளுக்குத்தான் தெரிகிறது.

ஒரு ஊருக்குக் கல் போட்டால் அடுத்த ஊர் மனுவோடு வரும், அதற்குப் போட்டால் அதற்கு வடக்கே இருப்பவர்கள் வருவார்கள். இப்படியே போனால் கடைசி ஊர் யாருக்கு மனு கொடுக்கும்? 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்தபோது, தமிழகக் கரையில் சுமார் 43 சதவீதம் அரிப்பில் இருந்தது. இத்தனை கல் கொட்டியும்தான்.

கல்லால் வீடு தப்பலாம், அதை நான் மறுக்கவில்லை. அலை வாசலில் அடிக்கும் வீட்டில் பிள்ளையோடு படுத்திருப்பவரிடம் போய் நீரியல் பாடம் நடத்த முடியாது. ஆனால் கரை எங்களுக்கு வேடிக்கை பார்க்கும் இடம் இல்லை. படகு ஏற, வலை காய, மீன் ஏலம் போக, கரைவலை இழுக்க எல்லாவற்றுக்கும் மணல் வேண்டும். கல் அடுக்கிய கரையில் ஃபைபர் படகை ஏற்ற முடியாது. ஒரு அலை தூக்கிப் போட்டால் அடிப்பாகம் பிளந்துவிடும். எங்கள் ஊர்ப் படகுகளில் பாதி இப்போது பக்கத்து ஊர்க் கரையில் நிற்கின்றன. அங்கே இடத்துக்குச் சண்டை வராத வாரம் இல்லை. இரண்டு ஊருக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு என்பதால் இதுவரை பேசித் தீர்த்துக்கொள்கிறோம்.

ஆகவே கேட்கிறேன். துறைமுக வாயிலிலும் முகத்துவாரங்களிலும் தூர்வாரும் மணலை ஆழ்கடலில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அது எங்கள் மணல். தடுப்புக்குத் தெற்கே தேங்குவதை எடுத்து வடக்கே போடுங்கள். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் குழாய் வைத்து இதைத்தான் செய்கிறார்கள். புதுச்சேரியிலும் நீருக்கடியில் செயற்கைத் திட்டு வைத்து, தூர்வாரிய மணலையும் போட்டபின் ஒரு பகுதியில் கரை திரும்பியிருக்கிறது. செலவு வருடா வருடம் வரும் என்பீர்கள். கல்லும் சரிகிறது, அதற்கு மேல் மறுபடி கல் கொட்டுகிறீர்கள், அந்தச் செலவு எந்தக் கணக்கில் வருகிறது?

ஊர் ஊராக மதிப்பீடு போடுவதை நிறுத்திவிட்டு, ஒரு முகத்துவாரத்திலிருந்து அடுத்த முகத்துவாரம் வரை மொத்தக் கரையையும் ஒரே கோப்பில் பாருங்கள். வடக்கே இருக்கும் ஊர்களை உட்கார வைத்துப் பேசாமல் தெற்கே ஒரு கல்லும் இறக்காதீர்கள். ஆறுகளில் மணல் அள்ளுவது உங்கள் துறை இல்லை என்பது தெரியும். ஆனாலும் கடலுக்கு மணல் கொடுப்பது ஆறுதானே, அந்தத் துறைக்கு ஒரு கடிதமாவது எழுதுங்கள். அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருக்கும் மணல்மேடுகளைச் சமன்செய்து பூங்கா, நடைபாதை போடும் திட்டங்களுக்கு இசைவு தராதீர்கள்.

எங்கள் பழைய மனு இன்னும் உங்கள் மேசையில் இருக்கக்கூடும். நான் தனியாக அதைத் திரும்பப் பெற முடியாது, ஊர் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு உங்களில் ஒருவர் வரவேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். வாடை தொடங்குமுன் வாருங்கள். காலை ஆறு மணிக்குள் வந்தால் படகுகள் கரை பிடிக்கப் படும் பாட்டைப் பார்க்கலாம். பிறகு கிணற்றடியில் உட்கார்ந்து பேசலாம் என்று எழுத வந்தேன். வழக்கத்தில் வந்துவிட்டது. கோயில் திண்ணையில் உட்காரலாம்.

இப்படிக்கு,
மனுவில் கையெழுத்திட்டவர்களில் ஒருவன்