கணினி அறை ஏசி: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

மட்டக்களப்பு

அன்புள்ள பெற்றோருக்கு,

கணினி அறையில் ஒரு புளித்த மணம் வருகிறது, உள்ளே போனால் தும்மல் நிற்பதில்லை என்று பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். மணம் ஏசிக்குள்ளிருந்துதான் வருகிறது. அதை முழுதாகத் துப்புரவு செய்யும்வரை போடப்போவதில்லை. கணினிப் பாடம் யன்னல்களைத் திறந்து, ஃபேன் போட்டு நடக்கும். வெக்கைதான், பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தனுப்புங்கள்.

ஏசி ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் உள்ளேயுள்ள குளிர்ந்த சுருளில் தண்ணீராகப் படியும். அது கீழ்த்தட்டில் விழுந்து குழாய் வழியே வெளியே போகவேண்டும். கடலும் வாவியும் சூழ்ந்த நம் ஊரில் இப்படிச் சொட்டும் தண்ணீர் அதிகம். குழாயைத் தூசி அடைத்துவிட்டால் அது தட்டிலேயே தேங்கும். இருட்டு, ஈரம், தூசி மூன்றும் கிடைத்தால் பங்கசுக்கும் பற்றீரியாவுக்கும் வேறென்ன வேண்டும்? வழவழவென்று படலமாக வளர்ந்துவிடும். அப்புறம் ஏசியைப் போடும்போதெல்லாம் பங்கசு வித்திகள் அறைக்குள் வரும். பலருக்கு அது தும்மலோடு போகும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். என் கவலை முழுவதும் அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

லீஜியோனெல்லா வருமா என்று சில பெற்றோர் கேட்டீர்கள். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், ஹோட்டல் மாநாடு ஒன்றுக்கு வந்தவர்களிடையே கடும் நிமோனியாவை உண்டாக்கிய பற்றீரியா அது. பெரிய கட்டடங்களின் கூலிங் டவர் (ஏசிக்கான தண்ணீரைக் குளிர்விக்கும் தொட்டி அமைப்பு) போன்ற இடங்களில், வெதுவெதுப்பான நீரில் பெருகி நுண்துளிகளோடு பரவும். நம்முடையது சுவரில் மாட்டிய சாதாரண ஏசி, அதில் அப்படியான நீர்த்தொட்டி கிடையாது. அந்தப் பயம் வேண்டாம்.

வாசனை ஸ்பிரே அடிக்கலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. அது மணத்தை மறைக்குமே தவிர பங்கசை அகற்றாது. சுருள், தட்டு, குழாய், உள்விசிறி எல்லாவற்றையும் தொழில் தெரிந்தவர் கழற்றிக் கழுவவேண்டும். உங்களில் ஏசி திருத்தும் வேலை செய்பவர்கள் இருந்தால் தயவுசெய்து பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தோடு பேசுங்கள்.

வீட்டில் ஏசி உள்ளவர்கள் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கரண்டை நிறுத்தி, ஃபில்டரைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே திரும்பப் போடுங்கள். ஏசியை நிறுத்துமுன் சற்று நேரம் ஃபேனில் மட்டும் ஓடவிட்டால் உள்ளேயுள்ள ஈரம் காயும். சுருளில் குளோரின் ஊற்றாதீர்கள், உலோகம் அரித்துப்போகும். குளோரினையும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

இன்னொன்று, இவ்வகை ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். ஒரு பிள்ளைக்குத் தடிமன் என்றால் பூட்டிய அறையில் மற்றவர்களும் அதே காற்றைத்தான் சுவாசிப்பார்கள். ஆகவே ஏசி திரும்ப ஓடத் தொடங்கினாலும் பாடங்களுக்கு இடையே யன்னல்களைத் திறந்துவிடுவோம்.

உங்கள் பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால் வகுப்பாசிரியருக்கு எழுத்தில் அறிவியுங்கள். இன்ஹேலரைப் புத்தகப் பையிலேயே வைத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அதிபர்