மூன்றாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் மூன்றாம் தவணை நல்லபடியாக முடிந்தது. பேச்சுப்போட்டியிலும் திருக்குறள் மனனப்போட்டியிலும் பிள்ளைகள் திறமையாகச் செய்தார்கள். விளையாட்டுப்போட்டிக்கு உதவிய எல்லோருக்கும் நன்றி. பரிசு பெற்ற பிள்ளைகளின் விவரம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

அப்புறம், ஒரு முக்கியமான விஷயம்.

கடைசிச் சனிக்கிழமை இடைவேளையில் ஒரு பிள்ளைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. பையில் பஃபர் (மூச்சோடு இழுக்கும் மருந்துக் குப்பி) இல்லை. அனுமதிப் படிவத்தில் தொய்வு (ஆஸ்மா) பற்றி ஒரு வரியும் இல்லை. நல்லகாலம், முதலுதவிப் பெட்டியில் நீலப் பஃபரும், அதை மாட்டி மூச்சிழுக்கும் குழாயான ஸ்பேசரும் இருந்தன. ஒரு அழுத்து, 4 மூச்சு. இப்படி 4 தடவை கொடுத்துவிட்டு 4 நிமிடம் காத்திருந்தோம். அடங்காவிட்டால் அவசர உதவிக்கு 000 அழைப்பதற்குத் தொலைபேசி கையிலேயே இருந்தது. மெல்ல அடங்கியது.

அதன்பின் எல்லாப் படிவங்களையும் எடுத்துப் பார்த்தேன். வாரநாள் பள்ளிக்கூடத்துக்கு ஆஸ்மா திட்டம் (மூச்சு இழுத்தால் என்ன செய்வது என்று வைத்தியர் எழுதித் தரும் தாள்) கொடுத்த சில பெற்றோர் நமக்குத் தரவில்லை. நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது இடைஞ்சல் என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் "இது அவுஸ்திரேலியப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு வருகிற வருத்தம், நமக்கென்ன" என்று ஒருவர் சொன்னது மனதை உறுத்தியது.

அவர்களிடம் அதிகம் என்பது உண்மைதான். 2018–19 கணக்கெடுப்பின்படி பூர்வகுடி, டொரஸ் நீரிணைத் தீவு மக்களில் நூற்றுக்கு 16 பேருக்கு ஆஸ்மா. மற்ற அவுஸ்திரேலியரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நெருக்கடியான வீடு, ஈரச் சுவரில் பூஞ்சணம், புகை, சின்ன வயதிலேயே திரும்பத் திரும்ப வரும் நெஞ்சுச் சளி, எட்டாத தூரத்தில் வைத்தியர் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் மரியாதை இல்லாமல்தான் 1971இல் சிட்னி ரெட்ஃபெர்னில் தங்களுக்கென்று ஒரு மருத்துவ நிலையத்தை அவர்களே தொடங்கினார்கள். நமக்கோ வைத்தியர் பக்கத்துத் தெருவில். இருந்தும் மறைக்கிறோம்.

நமக்கும் இது தூரத்து வருத்தம் இல்லை. 2016 நவம்பர் 21 மாலை மெல்பேர்ணில் அடித்த இடிமழையோடு ரை என்ற புல்லின் மகரந்தம் பரவி, ஆஸ்மா வந்து 10 பேர் இறந்தார்கள். அன்று மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களில் இலங்கையிலும் இந்தியாவிலும் பிறந்தவர்கள் வழமையைவிட மிக அதிகம். அதே மகரந்தக் காலம், ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை, இப்போது தொடங்குகிறது.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தொய்வு உள்ள பிள்ளை நான்காம் தவணை முதல் நாளே வைத்தியர் எழுதிய ஆஸ்மா திட்டம், பெயர் எழுதிய பஃபர், ஸ்பேசர் மூன்றோடும் வரவேண்டும். இல்லாவிட்டால் வகுப்பு முடியும்வரை பெற்றோர் ஒருவர் பள்ளியிலேயே இருக்கவேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வைத்தியரைப் பார்க்க நாள் கிடைக்கவில்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்து வழி பார்ப்போம். படிவத்தை வகுப்பாசிரியரும் நானும் மட்டுமே பார்ப்போம்.

ஏற்கெனவே எல்லாம் ஒழுங்காகத் தந்த பெற்றோருக்கு நன்றி. அன்று பெட்டியை எடுக்க ஓடிய எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்கும் என் தனிப்பட்ட நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்