தீ வைத்துக் காக்கும் பைன் காடு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த காட்டுத் தீ பற்றிய கட்டுரை, எரிந்த காடு என்றாலே பாழான காடு என்று முடித்துவிட்டது. நான் குடியிருக்கும் ஃபுளோரிடாவின் பைன் காடுகளுக்கு அது பொருந்தாது.

ஒர்லாண்டோவுக்குத் தெற்கே, காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் த்ரீ லேக்ஸ் வனவிலங்குப் பகுதி வரும். மேடு பள்ளமே இல்லாத தரை. நெட்டைப் பைன்கள் தள்ளித் தள்ளி நிற்க, கீழே புல்லும், காம்பெல்லாம் ரம்பப் பல் கொண்ட குட்டைப் பனைப் புதரும்தான். அண்மையில் பறவை பார்க்கப் போனபோது ஒரு பக்கம் தரை முழுக்கக் கரிந்து கிடந்தது. மரங்களின் அடிப்பட்டையில் ஆள் உயரத்துக்குக் கரி. உச்சியில் இலைகள் மட்டும் பச்சையாகவே இருந்தன. காட்டைப் பராமரிப்பவர்களே திட்டமிட்டு வைத்த தீ அது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்படி எரிக்காவிட்டால் ஓக் மரங்கள் அடியில் மண்டிவிடும். இந்தப் பைன் காடுகளில் வாழும் ரெட்-காக்கேடட் (red-cockaded) என்ற மரங்கொத்தி கூட்டைக் கைவிட்டுப் போய்விடும்.

அந்த மரங்கொத்திக்காகத்தான் நாங்கள் இருட்டோடு கிளம்பியதே. பட்ட மரத்தில் பொந்து குடையும் மற்ற மரங்கொத்திகளைப் போல அல்ல. உயிருள்ள வயதான பைனைத்தான் இது குடையும். ஒரு பொந்து முடிய ஆண்டுக்கணக்காகும். வாசலைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழிகளைக் கொத்தி வைப்பதால் பிசின் வழிந்துகொண்டே இருக்கும். மரமேறும் பாம்பு அதைத் தாண்டி வர முடியாது. வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகப் பொந்தைவிட்டு வெளியே வந்து கீச்சிட்டுக் குடும்பமாகக் கிளம்பின. முந்தைய ஈட்டு ஆண் குஞ்சுகள் தங்கி, தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டுவதும் உண்டு. வெள்ளைக் கன்னம் தெளிவாகத் தெரிந்தது. ஆணின் தலையோரச் சிவப்பைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நான் பாதிதான் நம்புவேன், இருப்பதே சில இறகுகள்!

அமெரிக்காவின் தென்கிழக்கில் ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கரில் நீள்இலைப் பைன் காடு இருந்தது. மரம் வெட்டியும், தீயை அடக்கியும் அதைச் சில பத்து லட்சம் ஏக்கராகச் சுருக்கிவிட்டார்கள். 1970இல் அழியும் இனங்களின் பட்டியலில் சேர்ந்த இந்தப் பறவை, 2024இல்தான் அபாயம் ஒரு படி குறைந்து ‘அச்சுறுத்தலுக்குள்ளான’ இனமானது. அதில் தீக்கும் பங்குண்டு.

அதற்காக நம் நீலகிரிச் சோலைக்காட்டில் யாரும் தீக்குச்சி கிழித்துவிட வேண்டாம். சோலை மரங்கள் தீயைத் தாங்காது. எந்தக் காட்டுக்குத் தீ, எந்தக் காட்டுக்குக் கூடாது என்று பிரித்து எழுதியிருக்கலாம் என்பதே என் குறை.

அப்புறம், ஃபுளோரிடா வரும் வாசகர்கள் டிஸ்னியோடு திரும்பிவிடாமல் ஒரு விடியலை இங்கே ஒதுக்கலாம். மான், வான்கோழி வேட்டைக்கு அனுமதி உள்ள இடம் என்பதால் வேட்டைத் தேதிகளைப் பார்த்துவிட்டு, ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஒர்லாண்டோ, ஃபுளோரிடா.