பள்ளப் பக்கத்துச் சாரம்: மலையகப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நமது நகரங்களில், வீதியிலிருந்து பார்த்தால் ஒற்றை மாடிக் கடையாகத் தெரியும் கட்டிடம், பின்புறம் பள்ளத்தை நோக்கி மூன்று, நான்கு தளங்கள் இறங்கி நிற்பதை நீங்கள் அறிவீர்கள். என் தம்பி விழுந்தது அப்படியொரு பின்புறத்தில்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதக் காலையொன்றில், பூச்சு வேலைக்காக அவன் சாரத்தில், அதாவது உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டும் கம்புத் தட்டில், ஏறினான். யூக்கலிப்டஸ் கம்புகளை நைலோன் கயிற்றால் கட்டிய அந்தச் சாரத்தின் மிதிபலகைகள், இரவு முழுவதும் பெய்த தூறலில் ஊறி, முந்தைய நாள் சிந்திய சீமெந்துக் குழம்போடு கிடந்தன. கைபிடிக் கம்பு கிடையாது. கால் வழுக்கியபோது பற்றிக்கொள்ள எதுவுமின்றி, ஏறத்தாழ 25 அடி கீழே விழுந்தான். ஓடிவந்தவர்கள் பதற்றத்தில் அவனது கைகால்களைப் பிடித்துத் தூக்கி, முச்சக்கரவண்டியில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். முதுகெலும்பு முறிந்தவரை அப்படி மடக்கினால் அதனுள் ஓடும் நரம்பு வடமான முண்ணாண் மேலும் சிதையக்கூடும் என்பதையும், அசைக்காமல் வைத்து 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும் என்பதையும் அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவர்கள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இன்று தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டிட வேலைகளையும் தழுவுகிறது. 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இழப்பீட்டுக்கு வழிசெய்கிறது. ஆயினும், கடதாசி எதுவுமின்றி நாட்கூலிக்குப் போனவனுக்கு அந்த வழி எளிதில் திறப்பதில்லை. உரிமையாளர் கொந்தராத்துக்காரரைக் காட்டினார். அவர் மேசன் பாஸைக் காட்டினார். மேசன் பாஸும் நாட்கூலிக்காரர்தான்.

மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் கட்டுவதற்கு அனுமதி கேட்டால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்கிறீர்கள். அது மிகவும் சரியானது. ஆனால் நான் பார்த்த விண்ணப்பப் படிவத்தில், அந்தச் சரிவின் மேல் ஏறி நின்று கட்டப்போகும் மனிதரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

ஆகவே, பள்ளப் பக்கச் சாரத்துக்கு இடைவெளியற்ற பலகையும், இடுப்பளவில் ஒரு கைபிடிக் கம்பும், அதற்குக் கீழே நடுவில் இன்னொரு கம்பும் கட்டாயம் என்பதை அனுமதிப்பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுதுமாறும், அத்திவாரத்தைப் பார்க்க வரும் உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பின்புறமும் நடந்து சென்று சாரத்தைப் பார்க்க வேண்டும் எனப் பணிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். பாதுகாப்புப் பட்டி கொடுத்திருக்கிறோமே என்று சிலர் சொல்லக்கூடும். விழும் மனிதரின் பாரத்தைத் தாங்காத சாரக் கம்பிலேயே பட்டியைக் கட்டினால், அவரோடு சாரமும் சேர்ந்து விழும்.

அடுத்த சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்ப்பீர்களாயின், தம்பியின் மருத்துவ அறிக்கைகளுடன் நேரில் வந்து விளக்கமளிக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஹட்டனிலிருந்து, ஒரு கட்டிடத் தொழிலாளியின் அக்கா