மத்தியான லெவல்

சத்துவாச்சாரி, வேலூர்
மே 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிறு நீ போனில் சொன்னதை அம்மாவிடம் சொல்லப்போய் மாட்டிக்கொண்டேன். "கடலுக்கு மேல் காற்று எவ்வளவு நடுங்குகிறது என்று சாட்டிலைட்டை வைத்துக் கணக்குப் போடுகிறாள்" என்றேன். "ஏன், குளிரா?" என்றாள். கத்திரி வெயிலில் கேட்கிற கேள்வியா இது!

எனக்கு அது விளங்கியது என் பழைய வேலையை வைத்துத்தான். நிலத்தின் மேடுபள்ளம் அளக்கும் லெவல் மெஷினைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில், பதினோரு மணிக்கு மேல், தூரத்தில் நிறுத்திவைத்த ஸ்டாஃப் என்ற அளவுகோலில் உள்ள எண்கள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும். ஒரு சித்திரையில், காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில், மேலதிகாரி அவசரப்படுத்தினார் என்று உச்சிவெயிலில் நீள நீளமாகப் பார்வை எடுத்தேன். சுற்றி வந்து ஆரம்பித்த கல்லிலேயே முடித்தால், அதே உயரம் வராமல் 3 சென்டிமீட்டர் இடித்தது. மறுநாள் விடியற்காலையில் முழுதும் மறுபடி. பேட்டாவும் போச்சு.

காலையில் வெயில் ஏறின கொஞ்ச நேரமும், சாயங்காலம் அது சாய்கிற நேரமும் ஸ்டாஃப் சிலை மாதிரி நிற்கும். மண்ணும் அதன் மேல் காற்றும் ஒரே சூட்டுக்கு வருகிற நேரம் அது. உன் கடலிலும் அதேதானே? தண்ணீருக்கும் காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் இல்லாவிட்டால் ஒளி அதிகம் நெளியாது. எது சூடானாலும் நெளிவு கூடும். கடலில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். ஒரு டிகிரி மாறினால் காற்றின் ஒளிவிலகல் எண் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மாறும் என்றாய். அத்தனூண்டு மாற்றம் கிலோமீட்டர் கணக்கில் சேர்ந்தால் லேசர் கற்றையையே கலைத்துவிடுகிறது! ஸ்டாஃபில் தரையை ஒட்டி வாசிக்காதே என்று எங்களுக்குச் சொல்லித்தந்ததும் இதனால்தான். நல்ல வெயிலில் உயரம் இரண்டு மடங்கானால் நீ சொல்கிற சி என் ஸ்கொயர், அதாவது காற்றின் நெளிவுக்கான அளவு, சுமார் 40 சதவீதமாகக் குறைந்துவிடுமாமே. அந்த நெளிவை நாங்கள் கானல் என்றோம்.

சாட்டிலைட் விஷயத்தில்தான் எனக்கு ஒரு பயம். கடலின் மேல்தோல் சூடு அதற்குத் தெரிகிறது. அலையின் சொரசொரப்பை வைத்துக் காற்றின் வேகமும் தெரிகிறது. 2009இல் போன நம் ஓஷன்சாட்-2 அதைத்தான் செய்தது. ஆனால் தண்ணீரை ஒட்டிய காற்றின் சூட்டைச் சுற்றிவளைத்துத்தான் கணிக்க வேண்டும் என்றாயே. வித்தியாசமே அரை டிகிரி உள்ள இடத்தில் கணிப்பு ஒரு டிகிரி பிசகினால், சூடானது கடலா காற்றா என்பதே தலைகீழாகிவிடுமே? மிதவையிலும் கப்பலிலும் அளந்ததோடு ஒத்துப் பார்க்காமல் எதையும் அனுப்பிவிடாதே. அதுதான் உனக்கு ஆரம்பித்த கல்.

எட்டாவது படிக்கும்போது உன்னைக் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? அங்கே தொலைநோக்கியின் 2.34 மீட்டர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும்போது, நட்சத்திரம் ஏன் மினுக்குகிறது என்று கேட்டாய். தெரியாமல், "பேசாமல் வா" என்று அதட்டினேன். இப்போது நீயே எனக்குச் சொல்கிறாய், சரி.

அம்மா வடாம் போட்டிருக்கிறாள். பழைய முகவரிக்கே அனுப்பலாமா என்று சொல்.

அப்பா