மனேயின் கறுப்பு எங்கள் வீட்டுச் சுவரில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ஒரு வாசகர், ஓவியங்களின் அச்சுப் பிரதியை வாங்கி மாட்டுவது வீண் செலவு, அசலைப் பார்க்க வாய்க்காதவர்கள் சும்மா இருக்கலாம் என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

எங்கள் வீட்டு ஹாலில் பல வருஷமாக ஒரு படம் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் எதுவார் மனே 1872இல் வரைந்த பெர்த் மொரிசோவின் உருவப்படம். அசல் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில். மொரிசோ வெறுமனே உட்கார்ந்து கொடுத்த மாடல் இல்லை, அவரே நல்ல ஓவியர், 1874இல் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற புதுப்பாணி ஓவியர்களின் முதல் கண்காட்சியில் அவர் படங்கள் இருந்தன, மனேதான் அதில் சேரவே இல்லை. அதே வருஷக் கடைசியில் மொரிசோ மனேயின் தம்பியைக் கல்யாணம் செய்துகொண்டார்.

படத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. கறுப்புத் தொப்பி, கறுப்பு ரிப்பன், கறுப்பு உடை, வெளிறிய பின்னணி, நடுவில் ஒரு முகம். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் விழுகிறது, அதனால் பாதி முகம் பளிச்சென்றும் மறுபாதி நிழலிலும் இருக்கிறது. மொரிசோவின் கண்கள் உண்மையில் பச்சையாம், மனே அதையும் கறுப்பாக்கிவிட்டார்! எனக்கு அது சரியென்றே படுகிறது, அந்தக் கண்கள் வேறு நிறத்தில் இருந்தால் இப்படி நம்மைப் பிடித்து நிறுத்தியிருக்காது. அப்புறம் மார்பருகே அந்த வயலட் பூச்செண்டு. கறுப்புக்குள் கொஞ்சம் நீலம், கொஞ்சம் ஊதா, அவ்வளவுதான், தேடினால்தான் தெரியும்.

முதலில் நான் வாங்கிய பிரதி மோசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் ஒரு கடையில், மூன்றடி உயரக் கேன்வாஸ், பெரிதாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்து வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் தொப்பியும் ரிப்பனும் உடையும் ஒன்றாகி தார் பூசிய மாதிரி இருந்தன, மரச்சட்டத்தில் மடித்து ஒட்டியதில் தொப்பியின் மேல்பகுதி பின்னால் போய்விட்டது, பூச்செண்டைக் காணவே காணோம். அந்த வாசகர் பார்த்தது இப்படிப்பட்ட பிரதிகளைத்தான் என்றால் அவர் கோபம் எனக்குப் புரிகிறது.

ஆனால் அசலின் அளவு என்ன தெரியுமா? உயரம் 55.5 செ.மீ., அகலம் 40.5 செ.மீ. நம் வீட்டுச் சுவருக்கு ஏற்ற படம்தான். அசலின் அளவிலேயே ஒரு பிரதி எடுக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் சுமார் 6500க்கு 4800 பிக்சல் உள்ள கோப்பு வேண்டும், போனில் இறக்கிய படம் உதவாது. பளபளக்கும் காகிதமும் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் கறுப்பில் பட்டு நம் முகம்தான் தெரியும். பருத்தியில் செய்த மேட் காகிதத்தில், சீக்கிரம் வெளுக்காத பிக்மென்ட் மையில் அச்சிடச் சொல்லுங்கள், முழுப் படத்துக்கு முன்னால் தொப்பியும் பூச்செண்டும் உள்ள பகுதியை மட்டும் ஒரு துண்டு அடித்துப் பாருங்கள். நான் மூன்று துண்டு அடிக்க வைத்தேன், மூன்றாவதில்தான் ஊதா எட்டிப்பார்த்தது.

கையால் வரைந்த நகலும் கிடைக்கிறது, சீனாவில் ஷென்சென் நகரத்தில் டாஃபென் என்ற பகுதிக்கே இந்த வேலையால்தான் பெயர். இயற்கைக் காட்சி என்றால் வாங்கலாம். உருவப்படத்துக்கு நான் வேண்டாம் என்பேன், இமை கொஞ்சம் தள்ளிப்போனாலே ஆள் மாறிவிடுகிறார்.

இன்னொன்று. இந்தப் படத்துக்கு முதலில் அச்சுப் போட்டது யார்? மனேயேதான். இதே உருவத்தைத் தகட்டில் செதுக்கி ஒரு அச்சும், கல்லச்சில் இரண்டும் செய்தார். ஓவியரே தன் படம் காகிதத்தில் போவதை இழிவாக நினைக்காதபோது நாம் ஏன் நினைக்க வேண்டும்? அசலோ தெயோதோர் துய்ரே என்ற விமர்சகரிடம் இருந்தது, அவர் தன் சேகரிப்பை விற்றபோது, 1894இல், மொரிசோவே அதை வாங்கிக்கொண்டார். மறு வருஷம் அவர் இறந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டிய ஒருவர், முப்பதை அப்போதுதான் தாண்டியிருந்த தன் முகத்தைத் தன் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி ஓவியங்களை வெளியிடும்போது படத்துக்குக் கீழே அசலின் அளவையும் போடுங்கள். பக்கம் முழுக்கப் பெரிதாக்கிய படத்தைப் பார்த்துத்தான் நானும் மூன்றடிக் கேன்வாஸுக்குப் போனேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி