கையுறைத் தோலின் மென்மை எங்கிருந்து வருகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்சு நாட்டின் மியோ நகரத்துக் கையுறைகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தையல் நேர்த்தியையும் வடிவமைப்பையும் பக்கம் பக்கமாகப் பாராட்டிய கட்டுரையாளர், அந்தக் கையுறைக்கு ஆதாரமான செம்மறித் தோலை மட்டும், ஏதோ ரசாயனத்தில் ஊறவைத்து மென்மையாக்கிய ஆட்டுத்தோல் என்ற அளவில் கடந்து போனது வருத்தமளிக்கிறது. தோல் தரம் பிரிக்கும் வேலையில் பல்லாண்டு இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்த மென்மையின் பெரும்பகுதி ஆட்டின் உடலிலேயே அமைந்துவிடுகிறது. அடர்ந்த கம்பளி வளரும் செம்மறியின் தோலில் மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் நெருக்கமாக நிறைந்திருக்கும். அவற்றை ஒட்டிக் கொழுப்பும் படிந்திருக்கும். பதனிடும்போது இவையெல்லாம் நீங்கிய இடத்தில் வெற்றிடம் தங்கிவிடுவதால், மேற்படலம் அடிப்படலத்தோடு இறுகப் பற்றாமல் தொளதொளத்துவிடுகிறது. அத்தகைய தோலை மேற்புறம் உள்ளே இருக்கும்படி மடித்தால், தடித்த சுருக்கங்கள் எழுவதைக் கண்ணாலேயே காணலாம். கம்பளியில்லாமல் முடி மட்டும் வளரும் வெப்பநாட்டுச் செம்மறிகளிலோ நார்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். அதனால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவினாலும் அந்தத் தோல் எளிதில் கிழியாது. விரல் மடங்கும்போது கூடவே மடங்கும். கோல்ஃப் கையுறைக்கு எத்தியோப்பியா, இந்தோனேசியா போன்ற நாடுகளின் செம்மறித் தோலைத் தேடி வாங்குவது இதனால்தான். நம் தமிழ்நாட்டு மேச்சேரி இனச் செம்மறியின் தோலுக்கு இந்தியத் தோல் வணிகத்தில் தனி மதிப்பு இருப்பதையும் கட்டுரையாளர் அறிந்திருக்கலாம்.

மியோவின் வரலாறு இன்னும் சுவையானது. அந்நகரைச் சூழ்ந்த மேட்டுநிலங்களில் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்காக, கம்பளி குறைந்த லக்கோன் இனச் செம்மறிகளை வளர்க்கிறார்கள். தாயின் பால் பாலாடைக்கட்டிக்குத் தேவைப்பட்டதால் குட்டிகள் மிக இளவயதிலேயே இறைச்சிக்குப் போயின. அவற்றின் நுண்ணிய இளந்தோல்தான் அவ்வூரில் கையுறைத் தொழிலை வேரூன்றச் செய்தது. இதைச் சொல்லாமல் மியோவின் கையுறையைப் பற்றி எப்படி எழுத முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

பதனிடுவோரின் பங்கும் சிறிதல்ல. படிகாரம், உப்பு, மாவு, முட்டை மஞ்சள்கரு ஆகியவற்றைக் குழைத்துத் தோலில் ஏற்றுவதே ஐரோப்பியக் கையுறைத் தோலின் பழைய முறை. மஞ்சள்கருவின் எண்ணெய் நார்களுக்கிடையே புகுந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காத்தது. ஆனால் இவ்வாறு பதனிட்ட தோல் நன்றாக நனைந்தால் படிகாரம் கரைந்து வெளியேறிவிடும். காய்ந்ததும் தோல் விறைத்துப்போகும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடும் முறை பரவிய பிறகே இந்தக் குறை நீங்கியது.

இத்தனைக்கும் பிறகு தோல் வெட்டுபவரின் கைக்கு வருகிறது. அவர் தோலை ஈரப்படுத்தி, மேசை விளிம்பில் வைத்து இழுத்து இழுத்து, நீளவாக்கில் அது கொடுக்கக்கூடிய நீட்சியை முன்கூட்டியே தீர்த்துவிட்டு, அகலவாக்கில் மட்டும் சற்று நெகிழும்படி விட்ட பின்னரே கத்தரியை எடுப்பார். இதில் அவசரப்பட்டால், அணிந்த சில நாள்களிலேயே விரல் நுனிகள் நீண்டு தொங்கும். 1830-களில் கிரெனோபிள் நகரத்துச் சேவியர் ஜூவேன், கைகளை அளந்து வகைப்படுத்தி அளவு முறையையும் வெட்டும் அச்சையும் உருவாக்கியதால் வேலை விரைவுபட்டது உண்மைதான். ஆயினும் எந்தத் தோல் எவ்வளவு நீளும் என்பதை அச்சு அறியாது. வயிற்றுப் பக்கத் தோல் முதுகுப் பக்கத்தைவிட அதிகம் நெகிழும், அதனால் இரு கைக்கும் ஒரே இயல்புள்ள பகுதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதெல்லாம் இன்றும் வெட்டுபவரின் விரல் நுனியில் உள்ள அறிவு.

இன்று கடைகளில் விற்கும் பல கையுறைகளின் சீட்டில் அசல் தோல் என்று மட்டுமே அச்சிட்டிருக்கிறார்கள். எந்த விலங்கின் தோல், எம்முறையில் பதனிட்டது, தண்ணீர் பட்டால் தாங்குமா என்பவற்றையும் அதில் குறிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. தங்கள் இதழ் இத்தொடரின் அடுத்த கட்டுரையில் தோல் பதனிடுவோரையும் வெட்டுவோரையும் நேரில் சந்தித்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வாணியம்பாடி